பிளஸ் ஒன் லீவில் மூளை ஆராய்ச்சி: ஒரு மாணவியின் கடிதமும் பதிலும்

கேள்வி:

வணக்கம் மேடம். திருமங்கலம் பக்கத்தில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். தமிழ் மீடியம், பயோ-மேத்ஸ் குரூப். விலங்கியலில் நரம்பு மண்டலப் பாடம் நடத்தியதிலிருந்து எனக்கு மூளை மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. அமெரிக்காவில் என் வயதுப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஆய்வகத்தில் கோட்டு போட்டுக்கொண்டு மூளை ஆராய்ச்சி செய்யும் வீடியோக்களைப் பார்க்கிறேன். நம் ஊரில் அப்படி எதுவும் இருக்கிறதா? ஆன்லைனில் ஒரு நிறுவனம் 'நியூரோசயின்ஸ் ரிசர்ச் இன்டர்ன்ஷிப்' என்று ஆறு வார வகுப்பு வைத்திருக்கிறது. சான்றிதழும் தருவார்கள், என் பெயரில் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டுத் தருவார்களாம். கட்டணம் ஐம்பதாயிரத்துக்கு மேல். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா பூக்கட்டி விற்கிறார். "படிப்புக்குத்தானே, நகையை வைத்துக் கட்டிடலாம்" என்கிறார் அப்பா. பக்கத்து வீட்டு மாமா, அந்தப் பணத்துக்கு நீட் கோச்சிங் போகச் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் நகை விஷயம். வைக்க வேண்டாம். அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. காரணத்தைக் கேட்டால் அவருக்கும் புரியும்.

அமெரிக்காவில் ஒரு பிள்ளை கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது மார்க்கோடு சேர்த்து, பள்ளிக்கு வெளியே என்னென்ன செய்தாய் என்றும் கேட்பார்கள். கட்டுரை எழுதச் சொல்வார்கள், பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். அதனால் அங்கே கோடைகால ஆய்வு அனுபவத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை வைத்து ஒரு வியாபாரமும் வளர்ந்துவிட்டது. நம் ஊர் நிலைமை வேறு. எம்.பி.பி.எஸ். சேர நீட் மதிப்பெண், அறிவியல் படிப்புக்கான மத்திய அரசு நிறுவனமான ஐசரில் சேர ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு, ஐ.ஐ.டி. பி.டெக். என்றால் ஜே.இ.இ. இந்த இடங்களில் எங்கேயும் உன் இன்டர்ன்ஷிப் சான்றிதழை வாங்கிப் பார்க்க ஆள் கிடையாது. அங்கே செல்லுபடியாகும் நாணயத்தை இங்கே விற்கிறார்கள்.

'உன் பெயரில் கட்டுரை' என்பது இன்னும் மோசம். ஆறு வாரத்தில், புதிதாக எதையும் அளக்காமல், ஏற்கெனவே வந்த ஐந்தாறு கட்டுரைகளைச் சுருக்கி எழுதி, காசு கொடுத்தால் எதையும் போடுகிற பத்திரிகையில் போட்டுவிடுவார்கள். ஆறேழு வருடம் கழித்து நீ பி.எச்டி.க்கு நேர்காணலில் உட்காரும்போது எதிரில் இருப்பவருக்கு அந்தப் பத்திரிகையின் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். கட்டணம் வாங்குகிற எல்லாருமே ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை, நல்ல ஆசிரியர்கள் நடத்தும் வகுப்புகளும் இருக்கின்றன. இனிமேல் இப்படி எது வந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்: பணம் கட்டத் தயாராக இருந்தும் இவர்கள் வேண்டாம் என்று சொன்ன மாணவர் யாராவது உண்டா? இல்லையென்றால் அங்கே தேர்வு எதுவும் நடக்கவில்லை, விற்பனைதான் நடக்கிறது.

நீ பார்த்த வீடியோக்களுக்கு வருகிறேன். அங்கே உண்மையிலேயே நல்ல திட்டங்கள் இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டின் மருத்துவப் பள்ளி 'சிமர்' என்று எட்டு வாரத் திட்டம் நடத்துகிறது. பதினாறு வயது முடிந்த பள்ளி மாணவர்களை அசல் ஆய்வகத்திலேயே உட்கார வைக்கிறார்கள், நரம்பியலும் அதில் ஒரு பிரிவு. ஆனால் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் உரியது அது, இங்கிருந்து விண்ணப்பிக்க முடியாது. 1984-ல் தொடங்கி, இப்போது எம்.ஐ.டி.யில் நடக்கும் 'ஆர்.எஸ்.ஐ.' என்ற கோடைகால ஆய்வுத் திட்டத்தில் கட்டணமே இல்லை. ஆனால் உலகத்துக்கே சேர்த்து நூறு பேர் அளவில்தான் எடுக்கிறார்கள். வீடியோவைப் பார்த்து, நமக்கு மட்டும் இல்லையே என்று மனம் கசந்துபோகாதே. அங்கேயும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வீடியோவில் பார்க்கிற விஷயம்தான்.

நம் ஊர் ஆய்வகங்களில் என்ன நிலை? நான் வேலை பார்ப்பது பெங்களூரில், ஒரு நரம்பியல் ஆய்வகத்தில். மார்ச் பிறந்தால் போதும், "மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்" என்று தொடங்கும் மின்னஞ்சல்கள் குவியும். ஒரே கடிதத்தை நாற்பது பேராசிரியர்களுக்கு அனுப்பியிருப்பார்கள், சில சமயம் நாற்பது பெயரும் மேலேயே தெரியும். பள்ளி மாணவர்களுக்கு எங்களிடமிருந்து பெரும்பாலும் பதில் போகாது, போனாலும் 'இல்லை' என்றுதான் போகும். இதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதே. எலியை வைத்து வேலை செய்யும் ஆய்வகம் என்றால் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியில் பெயர் இருப்பவர்தான் எலியைத் தொடலாம். நோயாளிகள், தன்னார்வலர்கள் என்றால் அதற்கொரு நெறிமுறைக் குழு. திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் புற்றுநோய் வரவழைக்கக்கூடிய பொருள். பதினெட்டு வயது ஆகாத ஒரு பிள்ளையை இதற்கு நடுவில் நிறுத்தி, ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? அதனால்தான் கதவு மூடியிருக்கிறது. மாமா, சித்தப்பா சிபாரிசில் உள்ளே வருகிற பிள்ளைகளும் உண்டு. அவர்கள் பாதி நாள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்துவிட்டுப் போவதைத்தான் பார்த்திருக்கிறேன். அதற்கு நீ பொறாமைப்பட ஒன்றுமில்லை.

கல்லூரிக்கு வந்துவிட்டால் கதை மாறும். இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில் இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்யலாம், கையில் பணமும் கொடுப்பார்கள். ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்திலும் அதுபோல உண்டு. இரண்டுமே கல்லூரி மாணவர்களுக்கு. உனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. பள்ளி அளவில் மத்திய அரசின் 'இன்ஸ்பயர்' முகாம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, பிளஸ் ஒன்னில் அறிவியல் எடுத்தவர்களுக்கு ஐந்து நாள் முகாம், விஞ்ஞானிகளே வந்து பேசுவார்கள். நீ அந்த ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் தலைமை ஆசிரியரிடம் விசாரி. இல்லையென்றால் விட்டுவிடு, குடி முழுகிவிடாது.

சரி, அப்போது இந்த லீவில் என்னதான் செய்வது? உன் கடிதத்தில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. அம்மா பூக்கட்டுகிறார் என்று எழுதியிருக்கிறாய். உன் ஆராய்ச்சி அங்கேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விரல் நுனியில் இரண்டு முனைகளை ஒரே நேரத்தில் லேசாக வைத்தால், அவை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலே 'ரெண்டு' என்று தெரிந்துவிடும். அதையே முன்கையில் வைத்தால் மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி வைக்கும்வரை 'ஒண்ணுதான்' என்போம். விரல் நுனியில் தொடு உணர்வு நரம்பு முனைகள் நெருக்கமாக இருப்பது ஒரு காரணம். மூளையின் தொடு உணர்வுப் பகுதியில் விரல்களுக்கு ஒதுக்கிய இடம் மிகப் பெரியது என்பது இன்னொரு காரணம். இப்படி அளக்கும் முறையை எர்ன்ஸ்ட் வெபர் என்ற ஜெர்மானியர் 1834-லேயே எழுதிவைத்துவிட்டார். ரொம்ப நாள் கழித்து, 1995-ல், வயலின் மாதிரி தந்தி வாத்தியம் வாசிப்பவர்களின் மூளையை ஒரு குழு அளந்து பார்த்தது. தந்தியை அழுத்தும் இடது கை விரல்களுக்கான பகுதி, வாசிக்காதவர்களைவிட அவர்களுக்கு விரிந்திருந்தது. சின்ன வயதில் கற்கத் தொடங்கியவர்களுக்கு இன்னும் அதிகம்.

உன் அம்மா கட்டுவதை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார். எந்தக் கை பூவை அடுக்கிப் பிடிக்கிறது, எந்தக் கை நாரைச் சுற்றி முடிச்சுப் போடுகிறது? மொட்டு நசுங்காமலும் நழுவாமலும் பிடிக்கிற விரல்கள் எவை? கண்ணை டி.வி.யில் வைத்துக்கொண்டே கட்டுகிறாரா? இருபது வருடமாக தினமும் இப்படிக் கட்டுகிற ஒருவரின் விரல் நுனி மற்றவர்களுடையதைவிட நுட்பமாக உணருமா? வயலின்காரர்களைப் பற்றிக் கேட்ட அதே கேள்விதான் இது. மதுரையைச் சுற்றி இதைக் கேட்பதற்கு ஆள் பஞ்சமே இல்லை.

கருவி உன் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது: வெர்னியர் காலிப்பர். பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை அளக்கும். பிராக்டிகலுக்குப் பயன்படுத்தியிருப்பாய். லீவுக்கு முன் இயற்பியல் சாரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிவை. அதன் முனை தோலைக் கீறுமானால், முனை மழுங்கிய இரண்டு பல் குச்சிகளை அட்டையில் ஒட்டி, இடைவெளியைக் காலிப்பரால் அளந்துகொள். ஒவ்வொரு ஆளுக்கும் முனையை ஸ்பிரிட்டால் துடை.

எதிரில் உட்காருபவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நீ தொட்டு, "ஒண்ணா, ரெண்டா?" என்று மட்டும் கேட்க வேண்டும். இங்கேதான் ஆராய்ச்சிக்கும் விளையாட்டுக்கும் வித்தியாசம் வருகிறது. எப்போதும் இரண்டு முனையாலேயே தொட்டால், எதிரில் இருப்பவர் மூன்றாவது தடவையிலேயே கண்டுபிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'ரெண்டு' என்பார். அதனால் நடுநடுவே ஒரே முனையாலும் தொட வேண்டும். எந்த இடைவெளி எப்போது வரும் என்பதை நீயே மனதில் தீர்மானிக்காதே, சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு அந்த வரிசையிலேயே போ. ஒவ்வொரு இடைவெளிக்கும் பத்துத் தடவையாவது வேண்டும். சரியா தப்பா என்று அவரிடம் சொல்லாதே, முகத்திலும் காட்டாதே. பதிலை அப்போதே நோட்டில் எழுது. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், உனக்குப் பிடித்த எண்தான் ஞாபகத்தில் நிற்கும்.

பூக்கட்டுபவர்களோடு யாரை ஒப்பிடப் போகிறாய்? உன் வகுப்புத் தோழிகளை வைத்து ஒப்பிட்டால் எல்லாம் கெட்டது. வயது ஏற ஏறத் தொடு உணர்வின் கூர்மை குறைந்துகொண்டே போகும். அம்மாவின் வயதை ஒட்டிய, பூக்கட்டாத பெண்கள் வேண்டும். தையல் வேலை செய்பவர், தறி ஓட்டுபவர் வேண்டாம், அவர்களுக்கும் விரல் பழகியிருக்கும். பூக்கட்டுபவர்களின் கை ஈரமாக இருக்கும், பூவுக்குத் தண்ணீர் தெளித்தபடியே இருப்பார்களே. எல்லாருக்கும் கையைத் துடைத்து, கொஞ்ச நேரம் உலரவிட்ட பிறகே தொடங்கு. காய்ப்பு ஏறிய இடத்தைக் குறித்துவை.

கடைசியாக ஒன்று, இதை விட்டுவிடாதே: விரலோடு முன்கையையும் எல்லாருக்கும் அளந்துவிடு. பூக்கட்டுபவர்களுக்கு விரலில் மட்டும் கூர்மை அதிகமாக இருந்து, முன்கையில் மற்றவர்களைப் போலவே இருந்தால் விஷயம் சுவாரசியம். இரண்டு இடத்திலும் அதிகம் என்றால், அவர்கள் உன் மேல் உள்ள பிரியத்தில் மற்றவர்களைவிடக் கவனமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்றுகூட இருக்கலாம். வித்தியாசமே இல்லை என்று வந்தாலும் அது முடிவுதான். அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

ஒவ்வொருவரிடமும் எதற்காக அளக்கிறாய் என்று சொல்லி, சம்மதம் கேட்டுக்கொள். வேண்டாம் என்றால் விட்டுவிடு. நோட்டில் பெயர் வேண்டாம், எண் போதும். வியாபார நேரத்தில் போய் நிற்காதே. "உங்களுக்கு நரம்பு வீக்கா இருக்கு" என்று யாரிடமும் சொல்லிவிடாதே, நீ டாக்டர் இல்லை. இந்தப் பரிசோதனை முறை அவ்வளவு துல்லியமானதல்ல என்ற விமர்சனம் துறைக்குள்ளேயே உண்டு. இரண்டு முனையும் ஒரே கணத்தில் படாவிட்டால் அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள். அதையும் உன் அறிக்கையில் நீயே எழுதிவிடு. மேற்பார்வைக்கு விலங்கியல் டீச்சரைக் கேள். குழந்தைகள் அறிவியல் மாநாடு போன்ற இடங்களுக்குக் கொண்டுபோக நினைத்தால், அவருடைய பெயர் அவசியம் வேண்டும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மதுரைக் கிளையிலும் விசாரித்துப் பார். பள்ளி மாணவர்களை வைத்து இந்த மாதிரி வேலை செய்து பழகியவர்கள்.

கம்ப்யூட்டர் கிடைக்குமா என்று நீ எழுதவில்லை. பள்ளியில் ஆய்வகம் இருந்தால் லீவில் திறக்கச் சொல்லிக் கேட்டுப் பார், இல்லையென்றால் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. கம்ப்யூட்டரும் ஆர்வமும் இரண்டும் இருந்தால் உனக்கு இன்னொரு வேலை வைத்திருக்கிறேன். 'ஃபிசியோநெட்' என்ற தளத்தில் 109 பேரின் மூளை மின்னலைப் பதிவுகளை இலவசமாகப் போட்டுவைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் 64 மின்முனைகள். முதல் பதிவு ஒரு நிமிடம் கண்ணைத் திறந்தபடி, இரண்டாவது ஒரு நிமிடம் கண்ணை மூடியபடி. கண்ணை மூடினால் பின்மண்டைப் பக்கம் நொடிக்கு 8 முதல் 13 தடவை அலையடிக்கும் 'ஆல்ஃபா' அலை ஓங்கி எழும். 1929-ல் ஹான்ஸ் பெர்கர் உலகத்துக்குச் சொன்ன விஷயம் அது. பைத்தான் என்ற நிரல் மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொண்டால், இணையத்திலேயே நிரலை ஓட்டிப் பார்க்கும் கூகுள் கோலாபில், எதையும் விலைக்கு வாங்காமல், அந்த அலை எழுவதை நீயே வரைந்து பார்க்கலாம். 'எம்.என்.இ' என்ற பைத்தான் தொகுப்பு அந்தப் பதிவுகளைத் தானே இறக்கிக் கொடுக்கும். முதல் வாரம் பிழைச் செய்தியாகவே வந்து எரிச்சலாகும். எங்கள் ஆய்வகத்திலும் அப்படித்தான்.

போன் மட்டும்தான் என்றால் 'ஸ்டால் கேட்சர்ஸ்' என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. அல்சைமர் ஆய்வுக்காக எலி மூளையின் ரத்தக் குழாய்களைப் படம் எடுத்திருப்பார்கள். எந்தக் குழாயில் ரத்தம் ஓடாமல் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மேலோட்டமான வேலைதான், ஆனால் உண்மையான தரவு. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற தொகுப்பை வெளியிட்டது. வயிற்றில் வளரும் சிசுவின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, 5,132 சீவல்களைப் படமாக்கி, உலகம் முழுக்க யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு செல்லாகத் தெரியும். ஒரு ராத்திரி தூக்கம் போய்விடும், எச்சரிக்கிறேன்.

நிஜ மூளையைத் தொட்டுப் பார்க்க ஆசையா? கறிக்கடைக்குப் போ. சனிக்கிழமையே சொல்லிவைத்தால் ஞாயிறு காலை ஆட்டு மூளை கிடைக்கும். வழக்கமாக மண்டையைக் கத்தியால் ஒரே போடாகப் பிளந்துதான் எடுப்பார்கள், மூளை இரண்டாகவோ மூன்றாகவோ வரும். "பாடத்துக்குண்ணே, சிதையாம எடுத்துக் குடுங்க" என்று கேட்டுப் பார். கொஞ்சம் மெனக்கெட்டால் முழுதாக எடுத்துவிடுவார்கள். நூறு கிராம் சொச்சம்தான் இருக்கும். அப்படியே வெட்டினால் குழைந்துவிடும், ஃப்ரீசரில் வைத்து லேசாக இறுகிய பிறகு கூரிய கத்தியால் நடுக்கோட்டில் வெட்டு. மேலே மடிப்பு மடிப்பாகப் பெருமூளை, பின்னால் சிறுமூளை. சிறுமூளையின் வெட்டு முகத்தில் வெள்ளை நரம்பிழைகள் மரக்கிளை மாதிரி பிரிந்துபோவது தெரியும். இரண்டு பெருமூளை அரைக்கோளங்களையும் இணைக்கும் வெள்ளைப் பட்டை நடுவில் இருக்கும். கவிழ்த்துப் பார்த்தால், அதிர்ஷ்டம் இருந்தால், கண் நரம்புகள் இரண்டும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம் அறுபடாமல் இருக்கும். பாடப் புத்தகத்தின் படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள். கையுறை போடு, பாத்திரத்தையும் கத்தியையும் தனியாகக் கழுவு, வெட்டிப் பார்த்ததைக் குழம்பில் போடாதே. ஃபார்மலின் வாங்கப் போகாதே. யூடியூபைப் பார்த்து, தலையில் பேட்டரி வைக்கும் வேலை எதிலும் இறங்காதே. அதில் எனக்குச் சமரசமே கிடையாது.

செலவு செய்தே ஆக வேண்டும் என்று அப்பா நினைத்தால், குடும்பத்தோடு பெங்களூருக்கு ரயில் டிக்கெட் எடுக்கச் சொல். அங்கே நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையில் மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கவாதம் வந்த மூளை, கட்டி வந்த மூளை, விபத்தில் அடிபட்ட மூளை என்று பாட்டில் பாட்டிலாக வைத்து விளக்குவார்கள். மனித மூளையைக் கையுறை போட்டு உன் கையிலேயே ஏந்திப் பார்க்கலாம். எல்லா நாளும் திறந்திருக்காது, போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்பு.

ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படுகிறாய் என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. மூளையின் ஒரு பகுதிக்குப் பெயரான 'ஹிப்போகாம்பஸ்' ஊட்டி கான்வென்ட் பிள்ளைக்கும் முதல் நாள் புதுச் சொல்தான். அமெரிக்க நரம்பியல் சங்கம் வெளியிடும் 'பிரெயின் ஃபேக்ட்ஸ்' என்ற புத்தகத்தை இலவசமாக இறக்கிக்கொள், பள்ளி மாணவர்களுக்கான நடையில்தான் இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், பக்கத்தில் அகராதி, போதும். பிரெயின் பீ என்ற சர்வதேச மூளை வினாடி வினாவுக்கு அடிப்படையான புத்தகமும் அதுதான். இந்தியாவிலும் அதன் சுற்றுகள் நடந்திருக்கின்றன, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கலந்துகொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகு ஆய்வகங்களுக்குக் கடிதம் எழுதலாம். ஜூன் மாதம், கையில் உன் அளவுகள் இருக்கும்போது எழுது. இன்டர்ன்ஷிப் கேட்காதே. பேராசிரியரைவிட அவருடைய ஆய்வகத்தில் இருக்கும் பி.எச்டி. மாணவர்களுக்கு எழுதுவது நல்லது. அவர்களுக்கு நேரமும் கொஞ்சம் இருக்கும், உன் வயது மறந்தும் போயிருக்காது. கடிதம் ஆங்கிலத்தில் போகட்டும், விஷயம் இப்படி இருக்கட்டும்:

"நான் மதுரை மாவட்டத்தில் பிளஸ் டூ மாணவி. பூக்கட்டும் பெண்கள் பத்துப் பேர், அதே வயதில் பூக்கட்டாத பெண்கள் பத்துப் பேர் ஆகியோரின் விரல் நுனியிலும் முன்கையிலும் இரண்டு முனை வேறுபாட்டை அளந்தேன். அட்டவணையை இணைத்திருக்கிறேன். பூக்கட்டுபவர்களில் இரண்டு பேருக்கு மட்டும் எண்கள் மிகவும் ஏறி இறங்குகின்றன, காரணம் புரியவில்லை. உங்கள் ஆய்வகம் தொடு உணர்வில் வேலை செய்வதாகப் படித்தேன். இருபது நிமிடம் போனில் பேச முடியுமா? என் அம்மாவும் உடன் இருப்பார்."

என் பெட்டிக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் அன்றைக்கே பதில் போட்டுவிடுவேன். "சிறு வயது முதலே மூளை மீது தீராத ஆர்வம்" என்று தொடங்கும் கடிதம் வேறு விஷயம், அதைத் திறந்து முடிப்பதற்குள் அடுத்த வேலை வந்துவிடும். பத்துப் பேருக்கு எழுதினால் எட்டுப் பேர் பதில் போட மாட்டார்கள் என்று வைத்துக்கொள். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு தடவை நினைவூட்டு, அதற்கு மேல் வேண்டாம். பேச்சு நல்லபடியாகப் போனால், ஒரு நாள் ஆய்வகத்தைப் பார்க்க வரலாமா என்று கேள். அதற்குப் பெரும்பாலும் சரி என்பார்கள். பெரியவர் ஒருவரோடு போ. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் ஆண்டுக்கு ஒரு நாள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடும், வழக்கமாக பிப்ரவரி, மார்ச் வாக்கில். ஆனால் அடுத்த வருடம் அந்த நேரத்தில் உனக்குப் பொதுத்தேர்வு. கல்லூரிக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நீட் விஷயத்தில் பக்கத்து வீட்டு மாமா சொல்வதை அப்படியே தள்ளிவிட மாட்டேன். நரம்பியலுக்கு எம்.பி.பி.எஸ். ஒரு நல்ல வழி. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன்தான் பிற்பாடு, துண்டான கையில் வலிக்கிறது என்பவர்களுக்கு ஒரு சாதாரண கண்ணாடியை நிறுத்திவைத்து மூளையை ஏமாற்றிக் காட்டினார். அது மட்டுமே வழி என்று நினைத்துவிடாதே. ஐசர்கள் இருக்கின்றன, சென்னை ஐ.ஐ.டி.யில் மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த நான்கு வருட பி.எஸ். படிப்பு இருக்கிறது, இரண்டுக்கும் ஐ.ஏ.டி. ஒரே தேர்வுதான். நீ பயோ-மேத்ஸ், அதனால் எல்லாக் கதவும் உனக்குத் திறந்தே இருக்கிறது. மே மாதம் பிளஸ் டூ பாடத்தை எடுத்துவிடுவார்கள், காலை நேரம் அதற்குப் போகட்டும். மூளைக்கு மாலையில் இரண்டு மணி நேரம் போதும். பூக்கட்டுபவர்களும் மதியத்துக்கு மேல்தான் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். அதை என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அளந்து முடித்ததும் எனக்கும் அனுப்பு. சராசரியை மட்டும் அனுப்பாதே, நோட்டின் பக்கங்களை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு, அடித்தல் திருத்தலோடு.